சும்மான்னா வாணாம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடிந்த பிறகு எங்கள் காலனிக்கு ஒரு டெம்போ வந்தது. பழவேற்காடு ஏரிக்கரையில், மீனவர் குப்பங்களுக்குப் பின்னால், ரோட்டை விட்டு உள்ளடங்கி இருக்கிற காலனி. வந்தவர்கள் தர்மப் பிரபுக்கள் யாரும் இல்லை. நம்ம பிள்ளைகள். சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவர்கள் ஏழெட்டுப் பேர், கூடவே இயக்கத் தோழர்கள் இரண்டு பேர். அரிசி, பாய், மெழுகுவர்த்தி எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, கடைசியாக மூன்று மூட்டையை அவிழ்த்துத் தார்ப்பாயில் கொட்டினார்கள். பழைய துணி.

எங்கள் தெருவில் இறால் பிடித்துப் பிழைக்கிற ஆயா ஒன்று. எழுபதுக்கு மேல் இருக்கும். குவியலுக்குள் கையை விட்டு ஒரு முழுக்கைச் சட்டையை உருவினாள். உதறினாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். காலரைத் திருப்பிப் பார்த்தாள். கக்கத்துத் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். துணி வாங்கத் தெரிந்தவள் செய்கிற எல்லாக் காரியத்தையும் செய்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா வெலப்பா இது?"

"வெலயெல்லாம் இல்ல ஆயா. சும்மாதான், எடுத்துக்கங்க."

ஆயா சட்டையை மடித்தாள். கசங்காமல் மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்தாள். "சும்மான்னா வாணாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு மாணவத் தம்பி என்னிடம் வந்து, "என்ன தோழர் இது, வறட்டு கௌரவம் இல்லையா? வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, மாத்துத்துணி கெடையாது, இதுல வெல கேக்குறாங்க" என்றான். கோபத்தில் கேட்கவில்லை, மனசு நொந்து கேட்டான். விடுதி விடுதியாக ஏறி இறங்கித் துணி சேர்த்தவன் அவன். அன்றைக்கு நான் அவனுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. பாங்க் கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் "பார்க்கலாம்" என்றுவிடுவேன். பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆயா வைத்துவிட்டுப் போன துணியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். என் அண்ணி இரண்டு சுடிதார் எடுத்தாள். மழையில் நனைந்த உடம்புக்குத் துணி வேண்டும். எடுத்தவர்களுக்குச் சுயமரியாதை இல்லை என்று எவனாவது எழுதினால் அவன் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில்லை என்று அர்த்தம். நான் பேச வருவது எடுத்தவர்களைப் பற்றி அல்ல. அந்தத் துணி எங்களிடம் வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி.

எனக்குப் பன்னிரண்டு வயதுவரை புதுத்துணி என்றால் அரசாங்கம் கொடுத்த பள்ளிக்கூடச் சீருடைதான். மற்றதெல்லாம் அம்மா வேலை செய்த ஆண்டை வீடுகளிலிருந்து வந்தது. தீபாவளிக்கு மறுநாளும் பொங்கலுக்கு மறுநாளும் அம்மா போய் வாசலுக்கு வெளியே நிற்பாள். திண்ணை மேலிருந்து போடுவார்கள், இவள் முந்தானையை விரித்து வாங்குவாள். "ஏம்மா, கையில வாங்குனா இன்னா?" என்று ஒருதரம் கேட்டேன். வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தவள், வீட்டுக்கு வந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு அடித்தாள் என்று அப்போது விளங்கவில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் சீருடை காயவில்லை என்று ஆண்டை வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வெளிர்நீலம், பாக்கெட்டுக்கு அடியில் இங்க் கறை. பக்கத்து பெஞ்சுப் பையன் பார்த்தான். "டேய், இது எங்க அண்ணன் சட்டைடா. இங்க பாரு, அவன் பேனா ஒழுகுன கறை." அவன் கெட்டவன் இல்லை, கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. நான் சாயங்காலம் மணி அடிக்கிறவரை ஒரு கையால் பாக்கெட்டை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது: "சட்டை குடுத்தாங்களே, நாளைக்கு வந்து கொஞ்சம் நெல்லு தூத்திட்டுப் போ." கூலி இல்லை. கூலியைத்தான் சட்டையாகக் கொடுத்துவிட்டார்களே. 'சும்மா' என்று வருகிற துணிக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், பேரம் பேசவும் விட மாட்டார்கள்.

எங்க தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர். ஊரில் பிணம் விழுந்தால் அதன்மேல் போர்த்திய துணி அவருக்கு. அதை 'உரிமை' என்று ஊரே சொல்லும். அந்த ஒரு உரிமையில் மட்டும் யாரும் பங்கு கேட்டு வந்ததில்லை.

இதெல்லாம் வறுமையின் தற்செயல் என்று யாராவது நினைத்தால் மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டட்டும். சண்டாளருக்கு உடை பிணத்தின் துணி, சாப்பிட உடைந்த பாத்திரம், அணிய இரும்பு நகை. கொஞ்சம் தள்ளிப் போனால், ஊழியம் செய்கிற சூத்திரனுக்கு மிச்சச் சோறு, பழந்துணி, பதர், பழைய தட்டுமுட்டுச் சாமான். இன்னும் சில வரி தாண்டினால், திறமை இருந்தாலும் சூத்திரன் பொருள் சேர்க்கக் கூடாது என்று வருகிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவனுக்குப் பழசைக் கொடு, ஆனால் அவன் கையில் காசு சேர விடாதே. காசு இருந்தால் அவனே கடைக்குப் போய்விடுவான். பழசே ஆனாலும் தனக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பான்.

அப்படிப் பொறுக்கி எடுத்தவனை என்ன செய்தார்கள் என்பதற்கும் பதிவு உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை ஆதிக்க சாதியினர் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி சாதி பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தப் பட்டியலைச் சேர்த்திருக்கிறார். 1931-இல் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாகக் கூடின. கொடுத்ததைக் கட்டினால் விசுவாசம், வாங்கிக் கட்டினால் குற்றம். எங்கள் துணியின் சரித்திரம் இதற்கு நடுவில்தான் ஓடியிருக்கிறது.

இதிலிருந்து தப்பித்த ஒரு இடத்தை எங்க நைனா அடிக்கடி சொல்லுவார். மெட்ராஸ் மூர் மார்க்கெட்.

பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பொன்னேரியிலிருந்து ரயில். சென்ட்ரலில் இறங்கிப் பக்கத்தில் நடந்தால் மூர் மார்க்கெட். 1900-இல் திறந்த சிவப்புக் கட்டிடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், கிளி, முயல், கண்ணாடி, கட்டில் என்று உலகத்தில் ஒருவன் பயன்படுத்திவிட்டு விற்ற எல்லாமும் அங்கே கிடைக்கும். நைனா கல்யாணத்துக்கு முந்தின வாரம், படகில் கூலிக்குப் போய்ச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு பேண்ட் வாங்கப் போனார். பழைய பேண்ட்தான். ஆனால் கடைக்காரன் "வா தொர, உக்காரு தொர" என்று கூப்பிட்டானாம். நாற்பது சொன்னதை இவர் பத்துக்குக் கேட்டார். அவன் திட்டினான், இவர் திரும்பி நடந்தார், அவன் கூப்பிட்டான். கடைசியில் பதினெட்டுக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஒரு கால் இன்னொரு காலைவிட ஒரு அங்குலம் குட்டை. கல்யாணப் போட்டோவில் நைனா ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது அதனால்தான்.

இந்தக் கதையை அவர் அழுதுகொண்டு சொன்னதில்லை. விழுந்து விழுந்து சிரிப்பார். "அவன் என்னிய பறையன்னு பாத்து ஏமாத்தல நைனா, எல்லாத்தையும்தான் ஏமாத்தனான்" என்பார். கருத்தரங்குகளில் சமத்துவம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் கேட்டுவிட்டேன், இந்தளவுக்கு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அந்தப் பேண்ட்டை அதற்கு முன் எவன் போட்டான், எந்தச் சாதி, உயிரோடு இருக்கிறானா செத்தானா, ஒன்றும் தெரியாது. அவனுக்கும் நைனாவைத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடைக்காரன், ஒரு விலை, ஒரு பொய். ஆளுக்கும் துணிக்கும் இருந்த கயிற்றை அந்தப் பதினெட்டு ரூபாய் அறுத்துவிட்டது.

மூர் மார்க்கெட் 1985 மே 30-இல் எரிந்துபோனது. அந்த இடத்தில்தான் இப்போது புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயில்களில் வருகிற எங்கள் ஆட்கள் இறங்குவது அங்கேதான், நிலையத்துக்குப் பெயரும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்தான். கடைகள் பக்கத்து அல்லிக்குளம் கட்டிடத்துக்கு மாறின. நான் கல்லூரிப் புத்தகம் வாங்கியது அங்கே. பெயர் அடித்து எழுதிய, ஓரத்தில் எவனோ பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்த புத்தகங்கள். அந்தக் கோடுகள் எனக்கு அவமானமாக இருந்ததே இல்லை. யாரோ ஒரு அண்ணன் எனக்கு முன்னால் படித்துப் போயிருக்கிறான் என்றுதான் தோன்றும். பாக்கெட்டில் இருந்த இங்க் கறையும் பக்கத்தில் இருந்த பென்சில் கோடும் ஒன்றுதானே, ஒன்று ஏன் சுட்டது, ஒன்று ஏன் சுடவில்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பழைய கடையில் ஏறி இறங்கியவர்களில் பெரிய ஆள் நம்ம பாபாசாகேப். 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்தபோது, சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து நியூயார்க் பழைய புத்தகக் கடைகளில் சுமார் 2,000 புத்தகங்கள் வாங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1917-இல் அவர் திரும்பி வந்தபோது சாமான்கள் வந்த கப்பலை முதல் உலகப் போரில் மூழ்கடித்துவிட்டார்கள். அவர் வாங்கியது பழைய புத்தகம்தான். ஆனால் பரோடாவில் உத்தியோகத்துக்குப் போனால் பியூன்கள் ஃபைலைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் எறிந்தார்கள். எங்க அம்மாவின் முந்தானையில் விழுந்ததும் அப்படித்தான். எறிகிற கைக்கு ஃபைல் என்ன, சட்டை என்ன. அதே அம்பேத்கர்தான் 1927 டிசம்பரில் மகாத்தில், மனு நூலைக் கொளுத்திய கையோடு, கூடியிருந்த பெண்களிடம் சேலைக்கட்டை மாற்றச் சொன்னார். உங்களைப் பார்த்ததும் தீண்டப்படாதவள் என்று காட்டிக்கொடுக்கிற கட்டு வேண்டாம், துணி கிழிசலாக இருந்தால் பரவாயில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்றார். பழசு அவருக்குப் பிரச்சினையே இல்லை. அடையாளம்தான் பிரச்சினை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். பழவேற்காடு ஒரு காலத்தில் துணிக்குப் பேர்போன ஊர். டச்சுக்காரன் 1613-இல் இங்கே கோட்டை கட்டியதே துணிக்காகத்தான். சுற்று வட்டார நெசவாளர்கள் நெய்த துணி கப்பலேறிக் கிழக்கே போனது. கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஆங்கில அகராதியில் எங்கள் ஊர்ப் பெயரே ஏறியிருக்கிறது. அதே துறையிலிருந்து அதே கம்பெனி அந்த நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள் மண்டை ஓடு செதுக்கிய கல்லைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். விற்கப்பட்டவர்களுக்குக் கல் கிடையாது. உலகத்துக்குப் புதுத்துணி அனுப்பிய கரைக்கு இப்போது மூட்டை மூட்டையாகப் பழந்துணி வந்து இறங்குகிறது.

முதலில் அப்படி வந்து குவிந்தது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26. எனக்குப் பதினாறு வயது. இங்கேயும் கடல் ஊருக்குள் வந்தது. நாகப்பட்டினம் அளவுக்குச் சாவு இல்லை. ஆனால் லாரிகள் எல்லாக் கரைக்கும் வந்தன. நாகையிலும் கடலூரிலும் பழந்துணி ரோட்டோரம் மலை மலையாகக் கிடந்ததை அந்நாளைய பத்திரிகைகள் எல்லாம் எழுதின. மீனவ மக்கள் தொடவில்லை. "எங்க வூடு போச்சி, படகு போச்சி, நாங்க பிச்சக்காரங்க இல்ல" என்றார்கள். நூற்றுக்கு நூறு சரி. நகரத்துக்காரன் பரணைக் காலி செய்வதற்கு ஒரு பேரழிவு வேண்டியிருந்தது. கிழிந்த பாவாடை, குளிர்நாட்டு ஸ்வெட்டர், ஒற்றைச் செருப்பு என்று மூட்டை கட்டி அனுப்பினான். அதை உதறித் தள்ளிய மீனவப் பெண்களை நான் கும்பிடுகிறேன்.

ஆனால் அதற்கு அடுத்த காட்சியையும் பார்த்தவன் நான். எங்கள் பக்கத்துக் குப்பம் ஒன்றில் இறங்கிய மூட்டைகளை அவர்கள் ஒதுக்கிவிட்டு, லாரிக்காரனிடம் கையை நீட்டிக் காலனிப் பக்கம் காட்டினார்கள். "அங்க கொண்டுபோயி போடுங்க, அவங்க கட்டிக்குவாங்க." லாரி வந்தது. நாங்கள் கட்டிக்கொண்டோம். அரிசியும் பணமும் பட்டியல்படி குப்பத்தோடு நின்றது. மீனவச் சமூகம்தான் பாதிக்கப்பட்டது என்று பட்டியல் போட்டதால், படகில் கூலிக்குப் போனவன், கருவாடு சுமந்தவள், இறால் தடவியவர்கள் எல்லாம் விடுபட்டுப் போனார்கள். இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை; நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டது பற்றி 2005-இல் அறிக்கைகளே வெளிவந்தன. நாகையில் அழுகிய உடல்களை எடுக்க வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிணமும் பழந்துணியும் சேர்ந்து ஒரே ஆளிடம் போகிற வழியை மனு போட்டு வைத்தான், லாரி டிரைவருக்கும் அந்த வழி தெரிந்திருந்தது.

மீனவர்கள் நமக்கு எதிரிகள் இல்லை. ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்காக இடம்பெயர்ந்தவர்கள், காட்டுப்பள்ளித் துறைமுகத்தை எதிர்த்து நிற்கிறவர்கள். நாளைக்கு ஏரி போனால் அவர்களோடு சேர்ந்துதான் நாங்களும் போவோம். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏரியில் இறால் ஓடுகிற இடங்களைப் பிரித்து, சீட்டுக் குலுக்கி, முறை வைத்து வலை கட்டுகிற ஏற்பாட்டுக்குப் 'பாடு' என்று பேர். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து இயற்கையைக் காப்பாற்றுகிற நல்ல முறை என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நல்ல முறைதான். அந்த முறைக்குள் குறிப்பிட்ட சாதியின் தலைக்கட்டுகளுக்கு மட்டும் பங்கு. காலனிக்காரர்களும் இருளர்களும் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்புத் தண்ணியில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். விலை கேட்ட அந்த ஆயா அறுபது வருசமாக அப்படித்தான் பிடிக்கிறாள். ஏரியில் பங்கு தர மாட்டார்கள், தங்களுக்கு வேண்டாத சட்டையில் பங்கு தருவார்கள்.

பழசு என்றாலே இழிவு என்று குப்பத்தில் யாரும் நினைப்பதும் கிடையாது. பழைய எஞ்சின் விலைக்கு வருகிறது என்றால் நாலு பேர் முன்பணத்தோடு ஓடுவார்கள். பழைய ஃபைபர் படகு, பழைய வலை, பழைய ஐஸ்பெட்டி எல்லாவற்றுக்கும் கிராக்கி உண்டு. என் பாங்கில் மீட்காத நகையை ஏலம் விடும்போது பார்க்க வேண்டும். எவளோ ஒருத்தி கழுத்தில் கிடந்த தாலிச்சரடு, எவன் வீட்டுச் சாவுக்கு அடகு வைத்ததோ. ஏலம் எடுக்க வருகிற கனவான்கள் உரசிப் பார்ப்பது தங்கத்தை மட்டும்தான், அது யார் கழுத்தில் கிடந்தது என்று எவனும் முகர்ந்து பார்ப்பதில்லை. தங்கத்துக்குத் தீட்டு இல்லை, பட்டுக்கும் தீட்டு இல்லை என்று சாஸ்திரத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். பருத்திச் சட்டைதான் பாவம், தீட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. சென்னையில் இப்போது வசதியான வீட்டுப் பிள்ளைகள் 'த்ரிஃப்ட்' என்று பேர் வைத்து, பழைய சட்டையை போனில் படம் பார்த்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். போடட்டும், பூமிக்கு நல்லது. பழசு போட்டாலும் அவனைப் பார்த்து யாரும் "எந்த வீட்ல குடுத்தாங்க?" என்று கேட்கப் போவதில்லை.

இவ்வளவு பேசுகிறவன் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருசத்துக்கு முந்தின தீபாவளிக்கு, என் பழைய சட்டை ஆறை இஸ்திரி போட்டு, பையில் வைத்து, எங்கள் கிளையைக் கூட்டுகிற அம்மாவிடம் கொடுத்தேன். அவரும் நம்ம ஆள்தான். "உங்க பையனுக்கு சரியா இருக்கும்மா" என்றேன். அவர் புடவைத் தலைப்பை விரித்தார். நான் கையில்தான் கொடுக்க நினைத்தேன், அவராக விரித்தார். பை விழுந்தது. அடுத்த வாரம் மாடியில் தண்ணீர்க் கேன் தூக்க ஆள் இல்லை என்றதும் என் வாயிலிருந்து வந்த முதல் பெயர் அவருடையது. அவர் வேலை அது இல்லை. சொன்ன பிறகுதான் எனக்கு நெல் தூற்றப் போன அம்மா ஞாபகம் வந்தது. ஆண்டை ஆவதற்கு நிலம் வேண்டியதில்லை தோழர்களே, ஆறு பழைய சட்டை போதும்.

அதனால்தான் மாணவத் தம்பிகளிடம் சொல்கிறேன்: அடுத்த மழைக்குத் துணி சேர்த்தால் கொடுக்காதீர்கள். விற்றுவிடுங்கள்.

இதை முதலில் சொன்னபோது ஒரு தோழர் கொதித்துப் போனார். "நிவாரணத்துல வியாபாரமா? மார்க்கெட்டுக்குக் காவடி தூக்குறீங்களா?" என்றார். மார்க்கெட் புனிதமானது என்று நான் சொல்லவில்லை, பாங்கில் வேலை செய்கிற எனக்கு அதன் யோக்கியதை நன்றாகவே தெரியும். சேரிக்காரனுக்கு டீக்கடையில் தனிக் குவளை வைத்ததும் காசு வாங்கிய கடைதான். வெள்ளம் கழுத்துக்கு வரும்போது கடை போடவும் சொல்லவில்லை. அன்றைக்கு இருக்கிற துணியை எடுத்துப் போர்த்த வேண்டும், அது மனிதத் தன்மை. தண்ணீர் வடிந்த பிறகு வருகிற மூட்டையைப் பற்றித்தான் பேச்சு. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 1940களின் இறுதியிலேயே ஆக்ஸ்ஃபோர்டில் கடை திறந்து, தானமாக வந்த பழசை விலைக்கு விற்றது. நம் நாட்டில் 'கூஞ்ச்' அமைப்பு, சும்மா கொடுத்தால் மரியாதை போகிறது என்று உணர்ந்து, கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்கு ஒரு வேலையைச் செய்து துணியைப் பெறுகிற முறையைக் கொண்டுவந்தது. நோக்கம் நல்லது. ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. நகரத்துக்காரன் கழித்த பேண்ட்டுக்கு ஏழை ஏன் குளம் வெட்ட வேண்டும்? வேலைக்குத் துணி என்கிற கணக்கை எங்கள் அம்மா ஆண்டை வீட்டிலேயே பார்த்துவிட்டாள். அஞ்சு ரூபாய் கொடுத்தால் அந்தக் கணக்கு அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

உலகம் முழுக்க இந்தப் பழந்துணி எப்படிச் சுற்றுகிறது என்று பார்த்தால் தலை சுற்றும். வெள்ளைக்கார நாட்டில் தானமாகப் போடுகிற துணியில் பெரும்பகுதி விற்பனைக்குத்தான் போகிறது. கப்பலில் கண்ட்லா வருகிறது, பானிபட்டில் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்தார்கள், அந்தப் போர்வைகள்தான் பல பத்தாண்டுகளாக வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் நிவாரணமாகப் பெருமளவில் போயின. கானா நாட்டில் இப்படி வருகிற துணிக்குச் 'செத்துப்போன வெள்ளைக்காரன் துணி' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருக்கிறவன் தூக்கிப் போடுவானா என்ற கேள்வியிலிருந்து வந்த பேர். அக்ராவில் அந்தத் துணி விற்கிற கண்டாமண்டோ சந்தை 2025 ஜனவரியில் எரிந்தது. மூர் மார்க்கெட்டைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி இருந்தது. பிணத்தின் துணி என்று எங்களுக்கு மனு விதித்தான். அவர்கள் அதைத் தாங்களே சொல்லிச் சிரித்துக்கொண்டு, பேரம் பேசி, காசு கொடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

2024 பொங்கலுக்கு முந்தின ஞாயிறு நாங்கள் செய்து பார்த்தோம். மிச்சமிருந்த துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கிழிசலை ஒதுக்கிவிட்டு, காலனி முனையில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். சலூன் கடையிலிருந்து ஒரு ஆளுயரக் கண்ணாடி இரவல் வாங்கி வந்தோம். சட்டை இருபது, புடவை முப்பது, சின்னப்பிள்ளைத் துணி ஐந்து. வருகிற காசை மாலைப்பள்ளிக்குப் பெண்கள் சங்கமே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. முதல் அரைமணி நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு கண்ணாடியைப் பார்க்கச் சின்னப் பசங்கள் வந்தார்கள், அவர்களைத் தேடிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். கூச்சல் தாங்கவில்லை. குப்பத்திலிருந்துகூட இரண்டு பெண்கள் வந்து, விலை கேட்டு, அதிகம் என்று முகத்தைத் திருப்பி, போய், திரும்பி வந்து வாங்கினார்கள். எங்கள் தெருவுக்குள் அவர்கள் சாமான் வாங்க வந்தது என் நினைவில் அதுதான் முதல்தரம்.

ஆயாவும் வந்தாள். அதே சட்டை இல்லை, வேறொன்று, பேரனுக்கு. இருபது என்றதும், "பித்தான் ரெண்டு காணோம், பத்துக்குக் குடு" என்றாள். டெம்போ நாளில் மனசு நொந்து என்னிடம் வந்து கேட்டானே, அந்தத் தம்பிதான் கடையில் நின்றான். பதினைந்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். ஆயா அவனுடைய அம்மாவையும் ஊரையும் விசாரித்து, கஞ்சப்பயல் என்று திட்டி, சுருக்குப்பையை அவிழ்த்துப் பன்னிரண்டு ரூபாயை எண்ணி வைத்துவிட்டுச் சட்டையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மூன்று ரூபாய் பாக்கி. இன்றுவரை தரவில்லை.

ஒரு தப்பு நடந்தது. சேர்த்த துணியில் எங்கள் தோழர்களுடைய சட்டைகளும் கலந்திருந்தன. வேறு ஊர்த் துணியாக மாற்றி எடுத்து வந்திருக்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, ஏழாவது படிக்கிற பையன் ஒருவன் சிவப்புக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு பந்து பொறுக்க வந்தான். தோழர் ஒருவர் பிரியமாகத்தான் சொன்னார்: "டேய், அது என் சட்டைடா!"

என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது.

பையன் நின்று அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். "இருபது சொன்னாங்கண்ணா, பதினஞ்சுக்கு வாங்குனேன்" என்றான். பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.